செம்பரலின் விளிம்பு

ஆனையிறவைத் தாண்டி ஏ9 வீதியில் தெற்கே போகும்போது, நிலம் மாறிவிட்டதை நீர்நிலைகளே முதலில் காட்டிக்கொடுக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அங்கே கிணறு வெட்டி வாழ்கிறோம். வன்னியின் பெரும்பகுதியில் அடியில் கிடப்பதோ நீரை எளிதில் உள்ளே விடாத பழைய உருமாறிய பாறை. அதனால்தான் அணைகட்டிக் குளம் தேக்கும் வாழ்க்கை இங்கே வேரூன்றியது. அந்தப் பாறையைத் தேடியே நான் இரண்டாம் முறையாகப் புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி, நெடுங்கேணி வீதியில் ஒரு சிறிய கல்குவாரிக்குப் போனேன்.

முதற்பயணத்தில் அங்கே ஒரு கைப்பிடிக் கல்லைப் பொறுக்கியிருந்தேன். வெளிறிய பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் பட்டைகளும் கரிய பயோடைட் மைக்காப் பட்டைகளும் மாறிமாறி ஓடும் நைஸ் பாறை அது. பட்டைகளுக்கு நடுவே மிளகளவிலும் கடலையளவிலும் செந்நிறக் கார்னெட் பரல்கள் புடைத்து நின்றன. குவாரியில் நெடுங்காலம் வேலைசெய்யும் பெரியவர் ஒருவர் அப்போது அருகே வந்து, "தம்பி, உது மாணிக்கமோ?" என்று கேட்டார். மாணிக்கம் அலுமினியத்தின் ஒட்சைட் என்றும், இது சிலிக்காவும் அலுமினியமும் இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த வேறொரு கனிமம் என்றும், நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகம் இதே குடும்பத்தில் கல்சியம் மிகுந்த வகை என்றும் சொன்னேன். "அப்ப காசு வராது," என்றவர், இந்தப் புள்ளிகள் கூடிய பக்கத்தில்தான் சுத்தியல் துள்ளும் என்றார்.

எனக்கு அந்தப் பரல்கள் மீது ஆசை வந்ததற்குக் காரணம், அவை வளர்ந்த கதையை உள்ளேயே எழுதிவைக்கக்கூடியவை என்று படித்திருந்ததுதான். களிமண் படிவு புதையுண்டு சூடேறும்போது கார்னெட் ஒரு புள்ளியில் தொடங்கி வெளிநோக்கி வளர்கிறது. பாறையில் சிறிதளவே உள்ள மங்கனீசை அது பேராவலுடன் உள்வாங்குகிறது. பந்தியில் முதல் இலைகளிலேயே பாயசத்துக் கஜு எல்லாம் விழுந்துவிட, கடைசி இலைக்கு வெறும் பாயசம் மிஞ்சுவதுபோல, நடுவில் மங்கனீசு குவிந்து, சுற்றிலும் படிப்படியாகக் குறைந்துபோகிறது. குறுக்கே அளந்தால் தொங்கும் கோயில்மணியின் வடிவில், நடு உயர்ந்த ஒரு வளைகோடு கிடைக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடுத்த கார்னெட்டுகளைக் கொண்டு 1966இல் ஹோலிஸ்டர் என்ற புவியியலாளர் இதை விளக்கினார். வெப்பம் ஏற ஏற, விளிம்பை நோக்கி இரும்புடன் ஒப்பிடும்போது மக்னீசியத்தின் பங்கும் கூடிவரும்.

என் கல்லை அறுத்து மெருகிட்டு, இலத்திரன் கற்றையால் நுண்புள்ளி நுண்புள்ளியாக இரசாயன அமைப்பை அளக்கும் கருவியில் வைத்தபோது, நான் ஆவலோடு எதிர்பார்த்த மணி வடிவம் இல்லை. நடுப்பகுதி முழுவதும் மங்கனீசுக் கோடு வயல்வெளிபோல் மட்டமாகக் கிடந்தது. அன்று மனம் சோர்ந்தேன். ஆனால் வன்னியின் பாறையிடம் வேறெதை எதிர்பார்த்திருக்க முடியும்? குரோனர், கூரே, விதானகே ஆகிய புவியியலாளர்கள் 1991இல் வகுத்த பிரிவில், இலங்கையின் பழைய அடித்தளப் பாறையினுடைய வடமேற்குப் பகுதிக்கு வன்னியின் பெயரே இடப்பட்டது. குருணாகல் வரை நீளும் அந்தத் தொகுதியில் பல பாறைகள் 700 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறியவை. ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்து வெப்பம் அது. அத்தகைய சூட்டில் நெடுங்காலம் கிடந்தால் கார்னெட்டின் உள்ளே அணுக்கள் இடம்பெயர்ந்து, வளர்ச்சியின் வரிகளை அழித்துவிடுகின்றன. மங்கனீசும் மக்னீசியமும் இரும்பும் விரைவில் கலந்துவிட, கல்சியம் மெதுவாகவும், இற்றியம், பொசுபரசு போன்றவை அதனினும் மெதுவாகவும் நகர்கின்றன. எனவே முழுக் கதையும் அழிந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. பரலுக்குள் சிறைப்பட்ட கனிமத் துணுக்குகளும் பேசும். மத்திய மலைநாட்டுக் கார்னெட்டுகள் சிலவற்றுள் கிடைத்த கயனைட், ஸ்டாரோலைட் துணுக்குகள், அப்பாறை கடந்துவந்த முந்தைய, சூடு குறைந்த நிலைக்குச் சாட்சியாக இருக்கின்றன.

இம்முறை அந்தப் பெரியவரிடம் என் தொலைபேசியில் மக்னீசியத்தின் நிறப்படத்தைக் காட்டினேன். நடுவெல்லாம் ஒரே மஞ்சள். இடப்பக்க விளிம்பில் மட்டும், மக்னீசியம் குறைந்ததைக் காட்டும் நீலம் படர்ந்திருந்தது. படத்தை உற்றுப் பார்த்தவர், "மற்றப் பக்கம் ஏன் மாறேல்லை?" என்று கேட்டார். நான் பல மாதம் கழித்துத் தொட்ட கேள்வியை அவர் ஒரே பார்வையில் தொட்டுவிட்டார். பாறை ஆறும்போது கார்னெட் தன்னோடு ஒட்டியிருக்கும் பயோடைட்டுக்கு மக்னீசியத்தைக் கொடுத்து இரும்பை வாங்கிக்கொள்கிறது. இடப்பக்கத்தில் பயோடைட் இருந்தது. வலப்பக்கத்தில் இருந்த குவார்ட்சுக்கோ கொடுக்கல் வாங்கலுக்கு இரும்பும் இல்லை, மக்னீசியமும் இல்லை. அந்த நீலப் பட்டையின் அகலமே பாறை எவ்வளவு மெதுவாக ஆறியது என்பதைக் கணிக்க உதவுகிறது. கார்னெட்டின் ஓரம் கரைந்த இடங்களில் வெளியேற வழியற்ற மங்கனீசு மீண்டும் விளிம்பில் சேர்ந்து சற்றே உயர்கிறது. அதை வளர்ச்சியின் தடமென்று படித்தால் கதை தலைகீழாகிவிடும். வளர்ச்சி வரியைத் தேடிப் போன எனக்கு, ஆறிய வரலாற்றை இவ்வளவு துல்லியமாக ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் எழுதாமல் விட்டிருந்த இந்தப் பரல் இப்போது மிகவும் பிடித்துப்போய்விட்டது. பெரியவர் தலையாட்டிவிட்டு, பயோடைட் கூடிய இன்னொரு துண்டைத் தாமே தேடி எடுத்துத் தந்தார்.

அங்கிருந்து முல்லைத்தீவு வழியாகக் கொக்கிளாய்க் கரைக்குப் போனேன். அதற்குத் தெற்கே புல்மோட்டையில் இல்மனைட், உருட்டைல், சேர்கோன் ஆகிய கனிமங்களை அள்ளித்தரும் கரிய மணல் புகழ்பெற்றது. கார்னெட்டின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதால், அலை இலேசான குவார்ட்சை அகற்றும்போது அதுவும் கனமான மணிகளோடு பின்தங்கிவிடும். கைவில்லைக்குக் கீழே சில இளஞ்சிவப்பு மணிகள் தெரிந்தன. உருண்டு தேய்ந்த அவற்றில் விளிம்பு எவ்வளவு மிஞ்சியிருக்குமென்று வெறுங்கண்ணால் சொல்ல இயலாது. அரைக் கைப்பிடி மணலைக் காகிதத்தில் மடித்து, பெரியவர் தந்த துண்டின் பக்கத்தில் வைத்துப் பையை மூடினேன்.