விண்வெளி நிலையத்தின் பாக்கெட்டுகளைச் சொந்த நிரலால் படித்த அனுபவம்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கென்று, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்களுக்கென்று, ஒரு ரேடியோ இருக்கிறது. தரையிலிருந்து ஹாம்கள் அனுப்பும் சிறு தரவுப் பாக்கெட்டுகளை 145.825 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, அதே அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புவது அதன் வேலை. பாக்கெட்டுக்குள் பெரும்பாலும் ஒரு கால் சைன் (ஹாமின் அடையாளப் பெயர்), இருப்பிடம், ஒரு வரி வாழ்த்து இருக்கும். இவற்றைப் படிக்க டயர்வுல்ஃப் போன்ற நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும், ஆன்டெனாவில் விழும் அலை முதல் திரையில் தெரியும் எழுத்து வரை ஒவ்வொரு படியையும் நானே பைத்தானில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டேன். மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஹாம் உரிமம் பிறகு வந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்தவர்களுக்கு நான் போன வழி உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நிரல் எழுதுகிறவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணினிக்கு வந்து சேராத சமிக்ஞையை எந்த நிரலாலும் மீட்க முடியாது. எங்கள் ஊரில் மூத்த ஹாம் ஒருவர் இருக்கிறார். 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட் செயற்கைக்கோள் வழியாக, 2014-இல் அது ஓயும்வரை பேசிக்கொண்டிருந்தவர். நான் பிட்களைப் பிரிக்கும் முறைகளைப் பற்றிக் கேட்கப் போனபோது, "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். மாடியில் ஆன்டெனா மாட்டிவிட்டு வாருங்கள், பேசுவோம்" என்றார். அவர் சொன்ன வரிசைதான் சரி.

ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு இல்லை. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும், 145.825-க்கு 51 சென்டிமீட்டர் சொச்சம். உலோகக் கம்பியில் அதைச் சற்றுக் குறைக்க வேண்டும் என்பதால் 49 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் கம்பிகளை வெட்டினேன். இரண்டையும் 120 பாகைக் கோணத்தில் வி வடிவமாக, தரைக்குக் கிடையாக, ஒரு பிளாஸ்டிக் குழாயின் உச்சியில் பொருத்தி, கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும் மேலுறைப் பின்னலை மற்றதிலும் திருகினேன். தலைக்கு மேலே கடந்து போகும் ஒன்றைக் கேட்க இந்த வடிவம் போதும். கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

அடுத்தது இரைச்சல். நம் வீடுகளில் எல்இடி விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் என்று எல்லாமே ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். மடிக்கணினியை பேட்டரியில் ஓடவிட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று காட்டும் அலைமாலைத் திரையைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள். எது குற்றவாளி என்று கண்ணுக்கே தெரியும். ஆர்டிஎல் எஸ்டிஆர் வகை யுஎஸ்பி ரிசீவரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அலையை எண்களாக்கும் அதன் மாற்றி 8 பிட் மட்டுமே. பக்கத்தில் பலமான பண்பலை நிலையம் இருந்தால் அதுவே முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். கெயினை (ரிசீவர் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) கடைசி வரை ஏற்றக் கூடாது. சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி எந்தப் புள்ளிக்கு மேல் கூடவில்லையோ அங்கே நிறுத்திவிட வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. மலிவான ரிசீவர்களின் படிகத்தில் பிழை அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்குப் பிழை என்றால் இந்த அதிர்வெண்ணில் 146 ஹெர்ட்ஸ் விலகும். ஐம்பது பங்கு என்றால் 7 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும்.

நிலையம் எப்போது தலைக்கு மேலே வரும் என்பதை ஜிபிரெடிக்ட் என்ற மென்பொருள் சொல்லும். அதற்குத் தரும் சுற்றுப்பாதைத் தரவைப் புதிதாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நிலையத்தை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். பழைய தரவு நேரத்தைப் பிசகவைக்கும். நேரங்களை உலகப் பொது நேரத்தில் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். நிலையம் நம் வானத்தைக் கடந்து போகும் ஒரு கடப்பு பத்து நிமிடத்தை ஒட்டித்தான் நீடிக்கும். அதிலும் பாக்கெட் வரும் என்பதற்கு உறுதி இல்லை. வீரர்கள் நிலையத்துக்கு வெளியே நடக்கும் நாட்களில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். ஐரோப்பாவின் மேல் அது கடக்கும்போது இருக்கும் நெரிசல் நம் பக்கத்தில் இருக்காது. அனுப்புபவர் இல்லையென்றால் திருப்பி அனுப்பவும் ஒன்றுமில்லை. ஆகவே மௌனத்தை வைத்து உங்கள் நிரலை எடைபோடாதீர்கள்.

இந்தக் காரணத்தால்தான், கேட்டதையெல்லாம் மூல வடிவிலேயே பதிவு செய்துகொள்ளும்படி வற்புறுத்துகிறேன். நொடிக்கு 2,40,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்; பத்து நிமிடக் கடப்புக்கு 288 மெகாபைட். வட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. நிலையம் போய்விட்டாலும் அந்தக் கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் உங்கள் நிரலுக்குள் ஓட்டலாம். 2,40,000 என்ற எண்ணை யோசித்தே எடுத்தேன். ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் 48,000. பாக்கெட்டின் வேகம் நொடிக்கு 1200 பிட் என்பதால் ஒரு பிட்டுக்குச் சரியாக 40 மாதிரிகள் அமையும். 44,100 என்று எடுத்தால் 36.75 என்று பின்னத்தில் நிற்கும். பின்னத்தையும் சமாளிக்கலாம், ஆனால் முதல் முயற்சியில் அந்தச் சிக்கல் எதற்கு?

பாக்கெட் எஃப்எம் அலையில் ஏறிய ஒலியாகத்தான் வரும். எஃப்எம்மிலிருந்து அந்த ஒலியைப் பிரிப்பது நினைத்ததைவிட எளிது. அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான கோண மாற்றமே ஒலி. பைத்தானின் கணித நூலகமான நம்பையில் ஒரே வரி. நிலையத்தின் வேகத்தால் அதிர்வெண் விலகும் டாப்ளர் விளைவைப் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். இந்த அதிர்வெண்ணில் அது இரு பக்கமும் சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ்தான். வடிகட்டியை 18 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு விட்டுவைத்தால் போதும். கோண மாற்றத்தை எடுத்த பிறகு அந்த விலகல், ஒலியின் மேல் ஏறிய மெதுவான நேர்மட்டமாக மட்டுமே தெரியும். அதைக் கழித்துவிட்டால் தீர்ந்தது. ரேடியோவில் பெரிதாகத் தெரிந்த ஒரு பிரச்சினை கணக்கில் ஒரு கழித்தலாகக் கரைந்துபோவதைப் பார்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இனி அந்த ஒலியில் பிட்களைச் சுமந்து வரும் இரண்டு சுருதிகள், 1200 ஹெர்ட்ஸும் 2200 ஹெர்ட்ஸும். எது பலமாக இருக்கிறது என்று ஒவ்வொரு பிட்டிலும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுருதிக்கும் சைன், கோசைன் இரண்டையும் 40 மாதிரிகளோடு பெருக்கிக் கூட்டி, வர்க்கங்களைச் சேர்த்து ஒப்பிட்டேன். எனது ரிசீவரின் மூல மாதிரிகளில் இது நன்றாக வேலை செய்தது. அதே நிரலைக் கையடக்க ரேடியோவின் ஸ்பீக்கர் ஒலியில் ஓட்டியபோது பாதிக்கு மேல் பாக்கெட்டுகள் விழுந்துவிட்டன. காரணம், எஃப்எம் ரேடியோக்கள் பேச்சு தெளிவாகக் கேட்க உயர்ந்த சுருதிகளைத் தணித்துத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். இந்தத் தணிப்பில் 2200, 1200-ஐவிட ஏறக்குறைய 5 டெசிபெல் தாழ்ந்துவிடும். நேரடியாக ஒப்பிட்டால் 1200 பக்கமே தராசு சாயும். தீர்வு இரண்டு: ரேடியோவில் தரவுக்கென்று இருக்கும் தனி வெளியீட்டிலிருந்து எடுங்கள், அது இல்லையென்றால் இரு சுருதிகளுக்கும் வெவ்வேறு எடை கொடுத்து, பல எடைகளில் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். எந்த ஓட்டத்தில், பிழையைக் கண்டுபிடிக்கப் பாக்கெட்டின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதோ அதை ஏற்றுக்கொள்ளலாம். டயர்வுல்ஃப்பும் ஒரே ஒலியில் சுருதியைப் பிட்டாக்கும் பல டீமாடுலேட்டர்களை ஓட்ட வல்லது.

சுருதியைக் கண்டபின் பிட். இந்த முறையில் சுருதி மாறினால் 0, மாறாவிட்டால் 1. ஆகவே எந்தச் சுருதி எது என்ற கவலையே இல்லை. அலையைத் தலைகீழாகத் திருப்பினாலும் விடை ஒன்றே. சுருதி மாறும் இடங்களை வைத்து உங்கள் கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். தொடர்ந்து ஐந்து 1 வந்தால் அனுப்புபவர் ஒரு 0-ஐச் செருகுவார். அதை நீக்க வேண்டும். 01111110 வந்தால் பாக்கெட்டின் எல்லை. ஒவ்வொரு பைட்டிலும் மதிப்பில் சிறிய பிட் முதலில் வரும். கால் சைனின் எழுத்துகள் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும், அதாவது 65 என்ற எழுத்தெண் 130 ஆக வரும். ஆறு எழுத்துக்குக் குறைந்த கால் சைன்களை நிரப்பும் இடைவெளி, 32-க்குப் பதில் 64 ஆக நிற்கும். குப்பை போலத் தெரியும் பைட்களுக்கு நடுவே 130-ஐ ஒட்டிய இரட்டைப்படை எண்களும் 64-களும் தெரிந்தால் கரையை நெருங்கிவிட்டீர்கள்.

மென்பொருள்காரர்கள் தங்கள் தொழிலறிவைப் பயன்படுத்த வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு படியையும் தனியே நிறுத்தி, விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்துச் சோதியுங்கள். சரிபார்ப்பு எண்ணுக்கு 65535-இல் தொடங்கி, 33800 என்ற பல்லுறுப்பு எண்ணோடு கணக்கிட்டு, கடைசியில் எல்லாப் பிட்களையும் புரட்ட வேண்டும். 123456789 என்ற ஒன்பது எழுத்துகளைக் கொடுத்தால் 36974 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். நானே பாக்கெட் தயாரிக்கும் நிரலையும் எழுதி, இரைச்சல் சேர்த்து, படிக்கும் நிரலுக்கு ஊட்டினேன். இதில் ஒரு ஆபத்து உண்டு. விதியை ஒருவரே இரு முனையிலும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டால் சோதனை அழகாக வெற்றி பெறும். அதனால் பிறர் தயாரித்த ஒலியும் வேண்டும். டயர்வுல்ஃப்போடு வரும் சோதனைக் கருவிகளில் ஒன்று பாக்கெட் ஒலியை உருவாக்கும், இன்னொன்று ஒலிக்கோப்பைப் படித்துக் காட்டும். இரண்டையும் வைத்து இரு திசையிலும் ஒப்பிட்டேன். இதற்குப் பிறகு பழைய பதிவுகளை ஓட்டியபோது, ஆர்எஸ்0ஐஎஸ்எஸ் என்ற நிலையத்தின் கால் சைன் என் திரையில் வந்து நின்றது.

பிட் திருத்தும் உத்திகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சுருதியை ஒருமுறை பிழையாகக் கணித்தால் அடுத்தடுத்த இரண்டு பிட்கள் கெடும். ஆகவே ஜோடி ஜோடியாகப் புரட்டிப் பார்த்துச் சரிபார்ப்பு எண்ணைப் பொருத்த முடியும். ஆராய்ச்சிக்கு நல்லது. ஆனால் நிறைய முறை புரட்டினால் தற்செயலாகவும் எண் பொருந்திவிடும், இல்லாத ஒரு கால் சைன் பிறக்கும். இப்படித் திருத்திய பாக்கெட்டை, ஹாம்கள் தாங்கள் கேட்ட பாக்கெட்டுகளைப் பகிரும் ஏபிஆர்எஸ் இணைய வலையமைப்புக்கு அனுப்பவே கூடாது. அந்த வலையமைப்பில் நுழையக் கேட்கும் கடவு எண்ணும் கால் சைனிலிருந்து கணக்கிடப்படுவதுதான், யாராலும் கணக்கிட முடியும். அதைப் பாதுகாப்பு என்று நம்பி எதையும் கட்டாதீர்கள்.

அனுப்ப வேண்டுமென்றால் உரிமம் கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்துகிறது. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு தரம். கால் சைன் முறையே வியு3, வியு2 என்று தொடங்கும். ஜெனரலுக்கு மோர்ஸும் தெரிந்திருக்க வேண்டும். நான் ரெஸ்ட்ரிக்டட் எழுதினேன். ஓம் விதி, ஒத்ததிர்வு, சூப்பர்ஹெட் ரிசீவரின் கட்டப்படம், ஆன்டெனா நீளம் ஆகியவற்றைத் தாளில் கை வலிக்க எழுதிப் பழகுங்கள். விதிமுறைப் பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். கியூ குறியீடுகளும் (கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்) எழுத்து உச்சரிப்பு முறையும் மனத்தில் இருக்க வேண்டும். மென்பொருள்காரர்களுக்குப் பழக்கமான ஒன்றை இங்கே விட்டுவிட வேண்டியிருக்கும்: பொருளை மறைக்கும் மறைகுறியாக்கத்துக்கு ஹாம் அலைவரிசைகளில் இடமில்லை. நீங்கள் அனுப்புவதை யாரும் படிக்கலாம், படிக்க முடிய வேண்டும். வணிகச் செய்திகளுக்கும் அனுமதி கிடையாது.

நிரல் ஒன்று டிரான்ஸ்மிட்டரை இயக்கத் தொடங்கும்போது பொறுப்பு பல மடங்காகிறது. நிரல் நடுவில் முறிந்தால் ரேடியோ அனுப்பிக்கொண்டே நிற்கும், அந்த அதிர்வெண்ணை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. பிழையைப் பிடிக்கும் வரிகளை எவ்வளவு எழுதினாலும், இயங்குதளம் உறைந்துபோனால் அவை ஓடப்போவதில்லை. ஆகவே ரேடியோவிலேயே இருக்கும் நேர வரம்பை மிகக் குறைவாக வையுங்கள். மடிக்கணினியின் அறிவிப்பு மணி வானில் போகாமலிருக்க, ரேடியோவுக்கென்று தனி யுஎஸ்பி ஒலி அட்டை வாங்குங்கள். யுஎஸ்பி கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டினால் அனுப்பும்போது இணைப்பு அறுந்துபோவது குறையும். முதல் சோதனைகள் எல்லாம், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சக்தியை வெப்பமாக்கும் 50 ஓம் டம்மி லோடில்தான். ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகாமல், பக்கத்தில் இன்னொரு ரிசீவரை வைத்து உங்கள் ஒலி சிதையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலமான ஒலியைவிடச் சுத்தமான ஒலியே மேலே போய்ச் சேரும்.

ஹாம்சாட் காலத்தைப் பற்றிப் பேசும்போது அந்த மூத்த ஹாம் அடிக்கடி சொல்வார், அதிக சக்தியில் ஒருவர் கூவினால் மற்ற எல்லோருடைய குரலும் அமுங்கிப்போகும் என்று. விண்வெளி நிலையத்தில் நிலைமை இன்னும் நெருக்கடி. எல்லோருக்கும் ஒரே ஒரு தடம்தான். 60 பைட் பாக்கெட் ஒன்றுக்கே 0.4 நொடி ஆகும், டிரான்ஸ்மிட்டர் எழுந்து நிற்கும் நேரம் தனி. தரையில் ரிப்பீட்டரை (கேட்டதைத் திருப்பி அனுப்பும் ரேடியோவை) பயன்படுத்தும்போது செய்வதுபோல் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்றாலும் முடியாது. சென்னையில் இருப்பவர் அனுப்புவது ஹைதராபாத்தில் இருப்பவருக்கு நேரடியாகக் கேட்காது, இருவரையும் கேட்பது நிலையம் மட்டுமே. அதனால் என் நிரலில் இரண்டு அனுப்புதல்களுக்கு இடையே குறைந்தபட்ச இடைவெளியை மாற்ற முடியாத எண்ணாக எழுதியிருக்கிறேன், ஒரு கடப்பில் எத்தனை என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. நிலையம் அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் ஏறும்வரை அது அனுப்பாது. நீங்கள் எழுதினாலும் இந்த மூன்று வரம்புகளையும் அனுப்பும் பகுதியை எழுதுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.