ஸ்டப் முள்ளில் தமிழ் எழுத

இங்க் பேனாவில் ஸ்டப் முள்ளுக்கு (நுனி உருண்டையாக இல்லாமல் தட்டையாக, அகலமாக இருக்கும் முள்) மாற நினைப்பவர்கள் முதலில் அகலத்தைக் கவனியுங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 1.1 மி.மீ. பெரிய எழுத்துக்கு அது அருமை. தமிழைச் சிறிதாக எழுதினால் ண, ஞ, ணை சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். கோடு போட்ட சாதாரண நோட்டுக்கு 0.7, 0.8 மி.மீ. போதும். 'ப' எழுதிப் பாருங்கள்: இரண்டு நெடுங்கோடும் தடித்து, அடிக்கோடு மயிரிழையாக வரும். இத்தனை பாடும் அந்த அழகுக்காகத்தான்!

இதே தட்டை நுனியில் இட்டாலிக் என்ற வகையும் உண்டு. அதில் ஓரங்கள் கூர்மை. தடிமன் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் பேனா கொஞ்சம் திரும்பினாலும் தாளைக் கீறும். ஸ்டப்பில் ஓரம் மழுங்கல், வேகமாக எழுதலாம். கர்சிவ் இட்டாலிக் இரண்டுக்கும் நடுவாந்தரம். தினசரி எழுத்துக்கு என் ஓட்டு ஸ்டப்புக்கே.

சாதாரண முள்ளை நீங்களே ஸ்டப்பாகத் தீட்டுவதென்றால் விலை குறைந்த பேனாவின் பிராட் (தடித்த) முள்ளில் தொடங்குங்கள். ஃபைன் (மெல்லிய) முள்ளின் நுனியில் அதற்கு உலோகம் போதாது. 10 மடங்கு லென்ஸில் பார்த்து இரண்டு பற்களையும் (முள்ளின் நடுப்பிளவுக்கு இருபுறமும் உள்ள பாதிகள்) ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே தீட்டணும். இல்லாவிட்டால் ஒரு பல் மட்டும் தேய்ந்துவிடும். நுனிக் குமிழின் மேற்புறத்தைத் தட்டையாக்கி, தாளைத் தொடும் அடிப்பக்கத்தை உங்கள் எழுதும் சாய்விலேயே தீட்டி, கடைசியில் மூலைகளை உருட்டுங்கள். லேப்பிங் ஃபிலிம் (மிக நுண்ணிய உப்புத்தாள் போன்ற தேய்ப்புத் தாள்) 12, 3, 1 மைக்ரான் வரிசையில். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை எழுதிப் பாருங்கள், தேய்ந்த உலோகம் திரும்ப வராது.

மெருகு ஏற்றும்போதும் நிதானம் வேண்டும். அதிகமானால் பிளவின் உள்விளிம்பு உருண்டு, மை தாளை எட்டாமல் முதல் இழுப்பு விட்டுப்போகும். 3 மைக்ரானில் லேசாக அடிப்பரப்பைத் தட்டையாக்கினால் சரியாகும்.