டென்ட் போட அம்பைப் பக்கம்

நெல்லையைச் சுத்திப் பாக்கணும், ராத்திரி டென்ட்ல தூங்கணும்னு வாறவுக திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதையை ஒட்டி இடம் பாருங்க. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி ரெண்டும் தோது. நெல்லையப்பர் கோயிலுக்குன்னா பாசஞ்சர்ல ஜங்ஷன் வரைக்கும் போகாண்டாம். டவுன் ஸ்டேஷன்லயே இறங்கிருங்க.

டென்ட் போட இடம் தார தோப்புக்காரர்ட்ட பேசி முடிக்க முன்னாடி, திரும்பி வார கடைசி வண்டி நேரத்தைப் பாத்துக்கிடுங்க. இந்தப் பாதையில வண்டி கம்மி. விட்டா பஸ்தான்.

தாமிரபரணி ஆத்து மணல் மெத்துமெத்துன்னு ஆசை காட்டும். வேண்டவே வேண்டாம். மேல பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறுன்னு மூணு அணை. இங்க வெயில் அடிச்சாலும் மலையில மழைன்னா தண்ணி திறந்துவிட்டுருவாங்க. கரை தாண்டி மேட்டுல போடுங்க. தென்னை மூட்டுலயும் கூடாது, நெத்து ஒண்ணு விழுந்தா போதும். வாழைத்தோட்டத்துல பாய்ச்சல் ஈரம், டென்ட் கயிறு கட்ட அடிக்கிற முளை நிக்காது.

ஆனி, ஆடியில கணவாய்க் காத்து மேக்கேருந்து தள்ளும். வாசலைக் கிழக்கே வைங்க. முளையோட தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கமாச் சாஞ்சு இருக்கணும். நேரா அடிச்சா கயிறு உருவிக்கிட்டுப் போயிரும்.

பாபநாசம் செக்போஸ்ட்டுக்கு மேல புலிகள் காப்பகம். அங்க நம்ம இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது, கேட்டுக்கிடுங்க.