வாய்க்குள் முளைத்த முடி

புற்றுநோய், கீழ்த்தாடையில் இடது பக்கத்தை எடுத்தாக வேண்டும், அந்த இடத்தில் கால் எலும்பை வைப்போம் என்றார் டாக்டர். "அப்புறம் நடக்க முடியுமா சார்?" என்றுதான் கேட்டேன். வாயைப் பற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை.

முழங்காலுக்குக் கீழே 2 எலும்புகள். உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது தடித்தது. வெளிப்பக்கம் ஒல்லியாக இருக்கும் ஃபிபுலாவில், மேலேயும் கீழேயும் ஆறேழு சென்டிமீட்டர் விட்டுவிட்டு நடுத்துண்டை எடுத்துக்கொள்ளலாமாம். அதோடு ரத்தக்குழாயும், வாயின் உட்புறத்தை மூட ஒரு துண்டுத் தோலும் சேர்ந்து வரும். எலும்பை வெட்டித் தாடை வளைவுக்கு மடித்து, டைட்டானியம் பிளேட்டில் முடுக்கி, குழாயைக் கழுத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். அந்தக் குழாய் போனாலும் பாதத்துக்கு ரத்தம் ஓடுமா என்று பார்க்க, முன்னதாகவே காலுக்கு சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுத்தார்கள்.

காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். கண் விழித்தபோது மறுநாள். தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒன்று. பேச்சு கிடையாது, கையில் ஒரு சிலேட்டு. கழுத்தைத் திருப்பக் கூடாது, தைத்த ரத்தக்குழாய் நசுங்கிவிடும்.

மணிக்கொரு முறை நர்ஸ் வருவார். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும், பேனா போன்ற டாப்ளர் கருவியை வாய்க்குள் வைப்பார். 'உஷ்... உஷ்...' என்று சத்தம் வந்தால் துண்டு உயிரோடு இருக்கிறது. இரண்டாம் நாள் இரவு சத்தம் மங்கலாகக் கேட்டது. டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து அந்தத் தோலில் ஊசியால் குத்தினார். எனக்கு வலிக்கவே இல்லை. நல்ல சிவப்பாக ரத்தம் வந்தது. கறுப்பாக வந்திருந்தால் நேராகத் திரும்பவும் தியேட்டர்தான். வாழ்க்கையில் என் ரத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

ஒரு விஷயத்தை யாரும் முன்பே சொல்லவில்லை, அதில் எனக்குக் கோபம் உண்டு. காலில் தோல் எடுத்த இடத்தை மூட, தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவுவார்கள். தாடை, கால் எல்லாவற்றையும் விட அந்தத் தொடைதான் எரிந்தது.

ஐந்தாம் நாள் வாக்கர் பிடித்து நடந்தேன். இப்போது மாடிப்படி ஏறுகிறேன். கால் கட்டைவிரல் மட்டும் முழுசாக மடங்காது.

வாயால் குடித்த முதல் தண்ணீர் உதட்டோரம் வழிந்தது. எனக்குத் தெரியவே இல்லை, கீழுதடு மரத்துப்போயிருந்தது. வாய் இறுகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்துப் பழகினேன். நேற்றைக்கு விட ஒரு குச்சி கூடினால் அன்றைக்கு நல்ல நாள்.

ரேடியேஷன் தொடங்கும் முன் ஒருநாள் மகள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உள்ளே முடி முளைச்சிருக்கு!" என்றாள். கால் தோல்தானே, அதற்கு இடம் மாறியது தெரியாது. டாக்டர் கத்தரித்துவிட்டார், மிச்சம் ரேடியேஷனில் உதிர்ந்தது. இப்போதும் நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன். தொடுவது நாக்குக்குத் தெரிகிறது, அந்தத் தோலுக்குத் தெரிவதில்லை.