0, 2, 3: ஒன்றைக் காணோம்

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஆர்டர் எடுப்பது பிஎச்பி, பில் போடுவது பைத்தான், திரையில் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட். எதற்கு மூன்று நிரல்மொழிகள் என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் எழுதிவைத்துவிட்டுப் போனது. நடுவில் தகவல் போய்வர ஜேசன், அதாவது தகவலை வெறும் எழுத்துகளாக எழுதி அனுப்பும் ஒரு வடிவம். ஒரு ஆர்டருக்குள் பொருட்களின் பட்டியல், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் தள்ளுபடிகள், ஒவ்வொரு தள்ளுபடிக்குள்ளும் அதற்கான விதிகள் என்று அடுக்குக்குள் அடுக்காகப் போகும். எந்த மொழியிலும் ஒரே வரியில் படித்துவிடலாமே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தெம்பாகத்தான் இருந்தோம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பைத்தான் பக்கம் எரர் வந்து நின்றுவிடும். பொருளின் விலையை எடுக்கப் போன இடத்தில், "இது ஸ்ட்ரிங், இதற்குள் விலையெல்லாம் தேட முடியாது" என்கிற மாதிரி ஒரு எரர். பொருள் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர், எங்கிருந்து வந்தது? அதே ஆர்டரை டெஸ்ட் சர்வரில் நாங்களே உட்கார்ந்து போட்டால் சமர்த்தாக ஓடும். நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம், பழைய தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேஷைச் சந்தேகப்பட்டோம், கடைசியில் ஒருவரையொருவர்.

விஷயம் இதுதான். வாடிக்கையாளர் ஒரு பொருளை ரத்து செய்தால், பிஎச்பி பக்கம் அர்ரே ஃபில்டர் ஃபங்ஷன் அதை நீக்கிவிடும். ஆனால் மிச்சமிருப்பவற்றின் கீ எண்களை, அதாவது ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்களை, அது தொடாது. நான்கு பொருளில் இரண்டாவது போனால் 0, 2, 3 என்று நிற்கும். பிஎச்பியில் பட்டியலுக்கும் கீ-மதிப்பு ஜோடிகளுக்கும் அர்ரே என்ற ஒரே அமைப்புதான்; அதை ஜேசனாக மாற்றும்போது, கீகள் 0-விலிருந்து இடைவெளி இல்லாமல் வரிசையாக இருந்தால் சதுர அடைப்பு, அதாவது பட்டியல்; இல்லையென்றால் நெளி அடைப்பு, அதாவது கீ-மதிப்பு ஜோடிகள் கொண்ட ஆப்ஜெக்ட். ஒன்று விடுபட்டதால் பட்டியல் ஆப்ஜெக்டாகிவிட்டது. பைத்தான் அதை டிக்ட் (கீ-மதிப்பு ஜோடிகளுக்கு அங்கே உள்ள பெயர்) என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுக்க லூப் போட்டால் பொருளுக்குப் பதில் "0", "2", "3" என்று கீகளைத் தந்தது. கடைசிப் பொருளை ரத்து செய்தால் மட்டும் இடைவெளி விழாது, எல்லாம் சரியாக இருக்கும். நாங்கள் டெஸ்ட் செய்தபோதெல்லாம் கடைசியாகச் சேர்த்ததைத்தான் ரத்து செய்துகொண்டிருந்தோம்!

அர்ரே வேல்யூஸ் என்று ஒரு ஃபங்ஷன், கீகளை மறுபடி வரிசைப்படுத்தும். ஒரு வரியில் முடிந்தது.

அடுத்தது காலியானவை. விதிகள் எதுவும் இல்லாத தள்ளுபடிக்குக் காலி ஆப்ஜெக்ட் போக வேண்டும், ஆனால் காலி அர்ரே காலிப் பட்டியலாகத்தான் போகும். எல்லாவற்றையும் ஆப்ஜெக்டாகவே அனுப்பச் சொல்ல ஒரு ஆப்ஷன் உண்டு என்று கண்டுபிடித்துப் போட்டோம். அது அடுக்குகள் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து நிஜமான பட்டியல்களையும் ஆப்ஜெக்டாக்கிவிட்டது, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அந்த ஒரு இடத்தில் மட்டும் காலி ஆப்ஜெக்டை நாமே வைப்பதுதான் வழி.

இதையெல்லாம் சொல்லி பிஎச்பியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். அப்புறம் என் பைத்தான் குறியீட்டிலேயே ஒன்று மாட்டியது. முழு எண்ணைக் கீயாக வைத்த ஒரு டிக்டை ஜேசனாக எழுதி மறுபடி படித்தேன். ஜேசனில் கீ என்றால் ஸ்ட்ரிங் மட்டும்தான், ஆகவே போன 1 திரும்பும்போது "1" ஆகிவிட்டது. நான் 1-ஐத் தேடினால் இல்லவே இல்லை. டியூபிள் என்கிற மாற்ற முடியாத பட்டியல், சாதாரண லிஸ்டாகத் திரும்பும். நேன் என்ற எண் அல்லாத மதிப்பையும் பைத்தான் அப்படியே எழுதிவிடும், அது ஜேசனே கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட் படிக்க மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டுக்கும் அதன் குறை உண்டு. சாதாரண எண்கள் எல்லாம் அங்கே மிதவைப்புள்ளி எண்கள், துல்லியத்துக்கு வரம்பு உண்டு, 9007199254740991 வரைதான் முழு எண்ணை நம்பலாம். அதற்கு மேலே நீளமான ஐடியை எண்ணாக அனுப்பினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும், எரர்கூட வராது. ட்விட்டர் 2010-ல் ஐடிகளை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான்.

இவ்வளவுக்குப் பிறகு, ஜேசனுக்குப் பதிலாக புரோட்டோபஃப் என்ற வேறொரு வடிவத்துக்கு மாறலாம் என்று பேச்சு வந்தது. எந்தப் புலம் (விலை, ஐடி போன்ற ஒவ்வொரு தகவலும்) எந்த வகை என்று முன்பே எழுதிவைக்க வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் புதிதாகத் தொடங்கினால் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் காலிப் பட்டியலுக்கும் இல்லாத பட்டியலுக்கும் வித்தியாசம் கிடையாது. எங்களுக்கோ காலி என்றால் தள்ளுபடி இல்லை, நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) என்றால் இன்னும் கணக்கிடவில்லை. இதற்குத் தனியாக ஒரு புலம் சேர்க்க வேண்டும் என்றதும் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

கடைசியில் செய்தது சின்ன வேலை. ஒரே ஒரு மாதிரி ஆர்டர்: நடுவில் ரத்தான பொருள், காலியான விதிகள், நல் தள்ளுபடி, பத்தொன்பது இலக்க ஐடி எல்லாம் அதிலேயே. மூன்று மொழிகளும் அதைப் படித்து, திரும்ப எழுதி, அச்சு மாறாமல் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட், நாங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடும். முதல் நாள் மூன்றுமே தோற்றன.

பைத்தான் பக்கம், வந்தது டிக்ட் என்றால் லிஸ்டாக்கிக்கொள் என்று ஆரம்பத்தில் அவசரத்துக்குப் போட்ட வரி ஒன்று உண்டு. இப்போது அதற்குத் தேவையே இல்லை. நான் அங்கிருந்து கிளம்பிய நாள் வரை அதை நீக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை, எனக்கும்தான்.