தூங்கும் பூனையின் மூச்சு

இதய நோய் முற்றிய நாயை வீட்டில் உள்ளவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க இருமும், நாலு படி ஏறினால் இளைக்கும். பூனை அப்படிக் காட்டிக்கொடுக்காது. அது இருமுவதே அபூர்வம். கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். "வெயிலுக்குச் சோர்ந்து கிடக்குன்னு விட்டுட்டோம் டாக்டரம்மா" என்பார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

அந்த நிலையில் வரும் பூனைக்கு நாம் செய்யும் முதல் உதவி, அதை அதிகம் தொடாமல் இருப்பது. புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் சிரமம். கை பரபரக்கும், எக்ஸ்ரே எடுக்கலாமா, ரத்தம் எடுக்கலாமா என்பார்கள். மூச்சுத் திணறும் பூனையை ஒருக்களித்துப் படுக்கவைத்து அமுக்கினால் மேசையிலேயே உயிர் போய்விடும். கொண்டுவந்த கூண்டோடு வைத்து ஆக்சிஜன் கொடுப்போம், பதற்றம் தணிய ஒரு ஊசி. அது உட்கார்ந்தபடியே இருக்க, ஸ்கேன் கருவியை விலாவில் மெல்ல வைத்துப் பார்த்தால் போதும். இதயம் தளர்ந்ததால் மார்புக்கூட்டில் தேங்கிய நீர் கறுப்பாகத் தெரிந்துவிடும்.

நுரையீரலுக்குள் கசிந்த நீரை லாசிக்ஸ் ஊசி சிறுநீராக வேகமாக இறக்கும். நுரையீரலைச் சுற்றி மார்புக்கூட்டில் கட்டிய நீருக்கு அது மட்டும் போதாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். ஏழாவது எட்டாவது விலாவுக்கு நடுவே, எட்டாவதின் முன்விளிம்பை ஒட்டி ஊசியை விடுவோம். விலாவின் பின்விளிம்பில் ரத்தக்குழாய் ஓடுகிறது. குழந்தைகளுக்கு டிரிப்ஸ் போடும் ஸ்கால்ப் வெயின் ஊசியேதான். குழாயில் வெளிர் மஞ்சளாக, சில சமயம் ரோஸ் நிறமாக நீர் ஏறும். பால்போல வருவதும் உண்டு. நாலு கிலோ பூனையிடமிருந்து 200 மில்லி கூட வரலாம். பாதி எடுத்ததுமே வயிற்றை எக்கி மூச்சு விடுவது தணிந்து, உதவிக்குப் பிடித்திருக்கும் தம்பியின் கையைக் கடிக்கப் பார்க்கும். நாங்கள் காத்திருப்பதே அந்தக் கடிக்குத்தான்.

காரணம் பெரும்பாலும் இதயத் தசை தடித்துப்போகும் நோய், ஹெச்.சி.எம். மெயின் கூன் இனத்தில் இதற்கான மரபணுக் கோளாறை 2005-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்காக ஜாதிப் பூனைக்கு மட்டும் வருவதில்லை, தெருவிலிருந்து எடுத்து வளர்த்ததற்கும் வருகிறது. ஸ்டெதாஸ்கோப்பை நம்பவும் முடியாது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கும் பூனைக்கு நோய் இல்லாமலும் இருக்கலாம், நோய் உள்ள பூனையிடம் சத்தமே கேட்காமலும் போகலாம். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்த்தால்தான் தெரியும்.

நீரை எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை. அது திரும்ப வரும். எத்தனை நாளில் வரும் என்பது வீட்டில் நடப்பதைப் பொறுத்தது. என்னிடம் வரும் ஒரு பெர்ஷியன் பூனையின் வீட்டில் பெரியவருக்கும் இதய நோய். இரண்டு பேருக்கும் லாசிக்ஸ், இரண்டு பேருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல். மாத்திரை தீர்ந்தால் அவருடைய அட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்று தெரிந்து, ஆஸ்பிரின் சேர்ந்த மாத்திரையா என்று பார்க்கச் சொன்னேன், மனிதருக்கான அளவு ஆஸ்பிரின் பூனைக்கு ஆபத்து. அளவும் வேறு. குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் மாத்திரையில் பூனைக்குக் கால் பங்கு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. ரத்தம் உறைந்து பின்னங்கால் குழாயை அடைத்துவிடாமல் இருக்கத்தான் அது. அடைத்துவிட்டால் பூனை திடீரென அலறும், பின்னங்கால்கள் சில்லிட்டுத் துவண்டுவிடும். எனக்கு இந்த நோயிலேயே பயம் அதுதான். ஆனால் மாத்திரை கடும் கசப்பு. நாக்கில் பட்டால் நுரை தள்ளும், விஷம் ஏறிவிட்டதென்று போன் வரும். காலி கேப்சூலுக்குள் போட்டுக் கொடுத்து, பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னபின் சரியானது.

கருவாட்டை நிறுத்தச் சொன்னதற்குத்தான் அந்த வீட்டு அம்மா முகம் வாடியது. "அதுக்கு வேற என்னம்மா சந்தோஷம்?" உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும் என்று விளக்கி, உப்பில்லாமல் வேகவைத்த மீனுக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அதே அம்மாதான் மூச்சு எண்ணுகிறார். பூனை அயர்ந்து தூங்கும்போது, நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. தாண்டினால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணி, அப்போதும் குறையாவிட்டால் எனக்குப் போன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எண்ணை எழுதி, கிளிப் போட்டுக் கொண்டுவருவார். 22, 24, 24, 23, திடீரென 34. பூனை அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டிருந்தது. பார்த்தால் நோய் என்றே தோன்றாது. ஸ்கேனில் நீர் கட்டத் தொடங்கியிருந்தது. லாசிக்ஸ் மாத்திரையைக் கூட்டியதில் இந்தத் தடவை ஊசி வரை போகவில்லை.

கூட்டியதற்கு விலை உண்டு. சிறுநீரகம் காய்கிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் மெல்ல ஏறுகிறது. லாசிக்ஸைக் குறைக்க இடமிருக்கிறதா என்பதை அடுத்த ரத்தப் பரிசோதனையையும் அந்தம்மாவின் தாள்களையும் சேர்த்துவைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.