எக்செக் மாடல்: முறுக்கு பெல்ட் இனி கழலாது

என் ஹெலிகாப்டர் மாடலில் ஒன்பது தடவை கழன்று விழுந்த பெல்ட் நேற்று ராத்திரி கழலவில்லை. இருநூறு சுற்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டேன். மெயின் ரோட்டரைத் திருப்பினால் டெயில் ரோட்டர் கூடவே சுற்றுகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விமான அருங்காட்சியகத்தில் பார்த்த ரோட்டர்வே எக்செக் ஒன்றை, கிட் வாங்கி வீட்டிலேயே கட்டும் ஹெலிகாப்டர் அது, 1:12 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். இந்த அளவில் ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். நிஜத்தில் 25 அடி விட்டமுள்ள மெயின் ரோட்டர் என் மேஜையில் 25 அங்குலம். கேபினும், தரையில் நிற்க உதவும் ஸ்கிட் சட்டமும் முடிந்து ஒரு மாதம் ஆகிறது, அவை தொல்லை கொடுக்கவில்லை.

வீட்டில் கட்டும் ஹெலிகாப்டர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரோட்டர்வேயைத் தொடங்கிய வடிவமைப்பாளர் பி. ஜே. ஷ்ராம்தான். 1960களில் ஒற்றை இருக்கை ஸ்கார்பியன், பிறகு இரட்டை இருக்கை, 1980இல் முழுக்க மூடிய உடம்போடு எக்செக். 1990இல் நிறுவனம் கைமாறி எக்செக் 90 வந்தது, 1994இல் 162எஃப். அந்த 162, என்ஜினின் கன அங்குலம். அமெரிக்க விதிப்படி பாதிக்கு மேல் வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும். பதிவில் தயாரிப்பாளர் என்று வருவதும் அவர் பெயர்தான், கிட் விற்ற நிறுவனத்தின் பெயர் அல்ல. அதனால் எந்த இரண்டு எக்செக்கும் ஒரே மாதிரி இருக்காது. நான் பார்த்த இயந்திரத்தில் டெயில் பூமின் (வாலாக நீளும் குழாயின்) இடப்பக்க ரிவெட் வரிசை முதல் ஒரு சாண் தூரத்துக்கு இடைவெளி கொஞ்சம் கூடியும் குறைந்தும் போகிறது. அப்புறம் நூல் பிடித்தது போல நேராகிவிடுகிறது. கட்டியவருக்குக் கை பழகிய இடம் அது. எத்தனை பலகையில் எத்தனை தகவல் எழுதிவைத்தாலும் அந்த இயந்திரத்தின் வரலாறு எனக்கு அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது. மாடலிலும் அதை அப்படியே குத்தியிருக்கிறேன், ஊசிமுனையால், பூதக்கண்ணாடி வைத்து.

இப்போது பெல்ட். எக்செக்கின் என்ஜின் செங்குத்தாக நிற்கும். மெயின் ரோட்டருக்குச் சக்தி செயின் வழியாகப் போகிறது. டெயில் ரோட்டருக்கோ பூமுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வி-பெல்ட். புறப்படும் தண்டு நிமிர்ந்தது, போய்ச்சேரும் தண்டு படுத்தது. வழியில் பெல்ட் 90 பாகை திரும்பியே ஆகவேண்டும். நான் அந்தத் திருப்பத்தைக் கடைசி பெல்ட்டில் வைத்தேன். அதன் இரண்டு புல்லியையும் (பெல்ட் ஓடும் பள்ளமுள்ள சக்கரங்கள்) பூமின் நடுக்கோட்டில், மையத்துக்கு மையம் நேராகப் பொருத்தினேன். அரைச் சுற்றிலேயே கழன்றது. இழுவையைக் கூட்டினேன், பள்ளத்தை முக்கோண அரத்தால் ஆழப்படுத்தினேன், விளிம்பை உயர்த்தினேன். எதுவும் கேட்கவில்லை.

தப்பு இழுவையில் இல்லை, மையத்தில் இருந்தது. பெல்ட் ஒரு புல்லியை விட்டுக் கிளம்பும் புள்ளி, அடுத்து ஏறப்போகும் புல்லியின் தளத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இந்த விதி பொருந்த வேண்டும். என் புல்லிகள் 12 மி.மீ. விட்டம், ஆரம் 6 மி.மீ. ஆகவே பின்புல்லியை 6 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி, 6 மி.மீ. மேலே ஏற்றினேன். அவ்வளவுதான், மூன்று வாரத் தலைவலி போயிற்று. ஒன்று மட்டும் கவனம்: இந்த அமைப்பு ஒரே திசையில்தான் ஓடும். பின்னோக்கிச் சுற்றினால் உடனே கழலும். ஹெலிகாப்டரில் ரோட்டர் எப்போதும் ஒரே பக்கம் சுற்றுவதால் இதில் நஷ்டமில்லை.

பெல்ட்டுக்கு ரப்பர் கயிற்றை வெட்டி ஒட்டாதீர்கள். ஒட்டிய இடம் கல்லாக இறுகி, புல்லியில் ஏறும்போதெல்லாம் துள்ளுகிறது. கசிவு தடுக்கும் ரப்பர் சீல் விற்கும் கடைகளில் முழு ஓ-ரிங் (ஒட்டில்லாத ரப்பர் வளையம்) பல அளவில் கிடைக்கும். வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், மேலே இருக்கும் வழவழப்பு போனால்தான் பிடிக்கும்.

அடுத்து ஷ்ராமின் இன்னொரு ஹெலிகாப்டரான ஹெலிசைக்கிளைச் செய்ய ஆசை. சினூக் ஹெலிகாப்டரில் துணைச் சக்திக்கு வைத்த டி62 டர்பைன், இந்த ஒற்றை இருக்கைக் குட்டிக்கு முழு என்ஜின். அதற்கான பித்தளைக் குழாயைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

ஆனால் எக்செக்கிலேயே வேலை பாக்கி. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுவை உருளைகள் இன்னும் மாட்டவில்லை. வீட்டில் கட்டியவற்றில் இருக்கும் 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனை வகை) என்ற சொல்லைக் கதவருகே எழுத வேண்டும். நிஜத்தில் குறைந்தது 2 அங்குல எழுத்து, மாடலில் 4 மி.மீட்டருக்குச் சற்று மேல். பெல்ட் ஓடுவது வெளியே தெரிய பூமில் ஒரு ஜன்னலும் வெட்ட வேண்டும். இடப்பக்கம்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறது. ஆனாலும் வலப்பக்கத்தில்தான் வெட்டுவேன். இடப்பக்கத்தில் அந்த ஒரு சாண் ரிவெட் இருக்கிறது.